பரவை பறக்குமா?

ஒன்பதாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளில் சிவப்பு மையால் வட்டம் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்த காலம் உண்டு. பிள்ளைகள் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு நோட்டை மூடிவிடுவார்கள், அடுத்த கட்டுரையிலும் அதே பிழை அதே இடத்தில் வந்து நிற்கும். இரண்டு வருடமாக வேறு மாதிரி செய்கிறேன். முதலில் காகிதத்தில் எழுத வேண்டும், அதில் மாற்றமே இல்லை. அப்புறம் அதிலிருந்து நாலைந்து வரியை அவர்களே தட்டச்சு செய்து, நீச்சல்காரன் என்ற நிரலாளர் உருவாக்கிய வாணி, நாவி என்ற இணையக் கருவிகளில் போட்டுப் பார்க்கிறார்கள். வாணி எழுத்துப்பிழைக்கு, நாவி சந்திப்பிழைக்கு, இரண்டுமே இலவசம்.

சந்திதான் பிள்ளைகளுக்குப் பெரிய பயம். "மரத்தை பார்த்தேன்" என்று எழுதுகிறவளிடம் ஐ உருபுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும் என்று பத்துத் தடவை சொல்லியிருப்பேன். நான் சொன்னபோது ஏறாதது, அவளே எழுதிய வரியைத் திரை சுட்டிக்காட்டியதும் ஏறியது, காரணம் என்னவென்று அவளாகவே வந்து கேட்டாள்.

ஆனால் கருவி சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ள நான் விடுவதில்லை. "வேலை கொடுத்தான்" என்றால் ஒருவனுக்குப் பிழைக்க வழி செய்தான், "வேலைக் கொடுத்தான்" என்றால் கையிலிருந்த வேலாயுதத்தைக் கொடுத்தான். இரண்டும் சரியான தமிழ். எழுதியவர் மனதில் எது இருந்தது என்று எந்தக் கருவிக்கும் தெரியாது, அதை எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.

போன மாதம் ஒரு பையன் "மாலையில் பரவைகள் கூடு திரும்பின" என்று எழுதியிருந்தான். நான் வட்டம் போட்டிருந்தேன், அவனோ கோபமாக வந்தான். "அம்மா, பரவைனு ஒரு சொல் நிஜமாவே இருக்கு, அகராதியிலயே பார்த்தேன்." சரி, பொருளையும் சேர்த்துப் படி என்றேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939-இல் அதற்கு ஓர் அனுபந்தமும் வந்தது. ஒரு லட்சத்துக்கு மேல் சொற்கள். அவ்வளவும் இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம், நான் கல்லூரியில் படித்தபோது அந்தத் தொகுதிகளைத் தொட்டுப் பார்க்கவே நூலகரிடம் கெஞ்ச வேண்டும். பையன் என் கைப்பேசியை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தான். "கடல்" என்றான். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ கடலெல்லாம் கூட்டுக்குத் திரும்பிடுச்சா?"

வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். பனி, பணி, அரம், அறம் என்று இப்படிப்பட்ட சோடிகளை அன்றைக்கு அவர்களாகவே தேடித் தேடிக் கரும்பலகையை நிரப்பினார்கள். எழுத்துப்பிழைத் திருத்தியில் இவை பெரும்பாலும் அகப்படாது, இரண்டுமே நல்ல சொற்களாயிற்றே. அதனால்தான் திருத்தியோடு அகராதியும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று விடாமல் சொல்கிறேன். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் வேண்டுமென்றால் விக்சனரி, கலைச்சொல்லுக்குத் தமிழக அரசின் சொற்குவைத் தளம்.

இந்த வாரம் கடற்கரையைப் பற்றிக் கட்டுரை கொடுத்தேன். அந்தப் பையனின் நோட்டில் மூன்றாவது வரி: "பரவைமேல் பறவைகள் தாழப் பறந்தன." ர, ற இரண்டும் அதனதன் இடத்தில். அன்றைக்குச் சிவப்புப் பேனாவால் அவனுக்கு ஒரு பெரிய சரி போட்டேன்.