பம்பு கையேடுகளை டிட்டாவுக்கு மாற்றிய அனுபவம்

சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில் பம்பு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் தொழில்நுட்ப எழுத்தாளராக இருக்கிறேன். எங்கள் பராமரிப்புக் கையேடுகள் பல வருடங்களாக வேர்ட் கோப்புகளாகவே இருந்தன. புது மாடல் வந்தால் பழைய கையேட்டை நகல் எடுத்து, பெயரையும் எண்களையும் மாற்றி வெளியிடுவார்கள். நாளடைவில் ஒரே எச்சரிக்கை ஒவ்வொரு கையேட்டிலும் ஒவ்வொரு விதமாக ஆகிவிட்டது. ஒன்றில் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடச் சொல்லியிருக்கும். இன்னொன்றில் துண்டிப்பதோடு நின்றுவிடும், பூட்டைப் பற்றிய பேச்சே இருக்காது. அதைப் படிப்பவர் இயந்திரத்துக்குள் கையை விடப் போகிறவர். பழுது பார்க்க வருபவர்களில் தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் நிறையப் பேர். ஆனால் கையேடு ஆங்கிலத்தில் மட்டும்தான் இருந்தது.

இதற்கு வழி தேடியபோதுதான் சிங்கப்பூரில் இத்துறையினர் கூடும் ஒரு சிறிய குழுவில் சேர்ந்தேன். மருத்துவக் கருவி, மென்பொருள், விமானப் பராமரிப்பு என்று பல இடங்களில் கையேடு எழுதுபவர்கள் அதில் இருக்கிறார்கள். சனிக்கிழமை மதியம் ஓர் அறையில் கூடுவார்கள், அப்புறம் பேச்சு பக்கத்துக் காப்பிக்கடையில் தொடரும். ஒரு விஷயத்தை ஒரே இடத்தில் எழுதி வைக்க வேண்டும், தேவைப்படும் எல்லா வெளியீடுகளும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர்கள் விடாமல் வலியுறுத்தும் கொள்கை. அதற்கு அங்கே பெரும்பாலானவர்கள் பயன்படுத்துவது டிட்டா. ஐபிஎம்மில் உருவாகி, 2004-ல் ஓயாசிஸ் என்ற தர அமைப்பின் கைக்கு வந்து, 2005-ல் திறந்த தரமாக வெளியான எக்ஸ்எம்எல் முறை இது, அதாவது ஒவ்வொரு பகுதியும் என்ன வகை என்று குறியிட்டு எழுதும் முறை. இதன் முழுப் பெயரில் (Darwin Information Typing Architecture) டார்வின் இருக்கிறார். அடிப்படை வகையின் பண்புகளை வாங்கிக்கொண்டு புதிய வகைகள் அதிலிருந்து கிளைக்கலாம் என்பதால் அந்தப் பெயர். விமானத் துறையில் இருப்பவர்கள் எஸ்1000டி என்ற வேறொரு தரத்தைப் பின்பற்றுகிறார்கள். அது எங்கள் அளவுக்குத் தேவையில்லை என்று அந்தத் துறையில் வேலை செய்யும் ஓர் அக்காவே சொல்லிவிட்டார்.

அந்த அக்கா சொன்ன இன்னொன்றுதான் எங்கள் வேலையின் போக்கையே தீர்மானித்தது. “மென்பொருள் வாங்குறதப் பத்தி இப்ப யோசிக்காதீங்க. முதல்ல உங்க கையேட்டை அச்செடுத்து, எது விளக்கம், எது செய்முறை, எது தகவல் அட்டவணைன்னு நிறம் போட்டுப் பாருங்க” என்றார்.

அப்படியே செய்தோம். டிட்டாவில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லும் தனித் துண்டுக்கு டாபிக் என்று பெயர். அதில் அடிப்படையாக மூன்று வகை உண்டு: விளக்கத்துக்குக் கான்செப்ட், செய்முறைக்கு டாஸ்க், தகவல் அட்டவணைக்கு ரெஃபரன்ஸ். எங்கள் பக்கங்களில் நிறம் போட்டபோது ஒரே பத்தியில் மூன்று நிறமும் கலந்து வந்தது. “சீல் தேய்ந்தால் கசிவு ஏற்படும் என்பதால், நான்கு போல்ட்டுகளையும் கழற்றி, பின்வரும் அட்டவணைப்படி முறுக்கு விசையைச் சரிபார்த்து...” என்று நீளும் வாக்கியங்கள். கழற்றுவதற்கு முன்பு அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும் என்ற எச்சரிக்கை, கழற்றச் சொன்ன வரிக்குக் கீழே நிற்கும். படித்துக்கொண்டே வேலை செய்பவர் அந்த வரிக்கு வருவதற்குள் கழற்றி முடித்திருப்பார்.

டாஸ்க் டாபிக் இதை அனுமதிப்பதில்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு கட்டளை கட்டாயம் இருக்க வேண்டும், ஒன்றுக்கு மேல் இருக்கவும் கூடாது. விளக்கம் கட்டளைக்குப் பின்புதான் வர முடியும். குறிப்பு, ஆபத்து எச்சரிக்கை ஆகியவற்றைக் கட்டளைக்கு முன்பு வைக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். முன்தேவைகளுக்குத் தனி இடம் உண்டு, அது படிகள் தொடங்குவதற்கு முன்பே வந்துவிடும். வரிசை மாறினால் எடிட்டர் உடனே பிழை காட்டும். எங்கள் பொறியாளர்களுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. காரணத்தைச் சொல்லாமல் வேலையை மட்டும் சொல்வது சரியில்லை என்பது அவர்கள் வாதம். காரணம் எங்கும் போய்விடவில்லை, கான்செப்ட் டாபிக்கில் இருக்கிறது, இங்கிருந்து இணைப்பும் உண்டு என்று காட்டினோம். பழையதையும் புதியதையும் பட்டறையில் இருந்த ஒரு தம்பியிடம் கொடுத்து, பொறியாளர்கள் முன்னிலையில் சீல் மாற்றச் சொன்னோம். அவர் புதியதை வைத்து யாரையும் கேட்காமல் வேலையை முடித்தார். அதற்குப் பிறகு எதிர்ப்பு குறைந்துவிட்டது.

மொத்த வேலையில் பெரும்பகுதி இந்தத் திருத்தி எழுதுதல்தான். ஒரு பொத்தானை அழுத்தினால் வேர்ட் கோப்பு டிட்டாவாக மாறிவிடும் என்று சொல்லி விற்க வருபவர்கள் இருக்கிறார்கள். கோப்பின் வடிவம் மாறும், உண்மைதான். உள்ளே இருக்கும் குழப்பம் மாறாது.

எச்சரிக்கைகளை எல்லாம் ஒரு தனிக் கோப்பில் சேர்த்தோம். மற்ற டாபிக்குகள் கான்ரெஃப் (conref) என்ற உள்ளடக்க இணைப்பு வழியாக அங்கிருந்து எடுத்துக்கொள்கின்றன. மாடலுக்கு மாடல் வேறுபடும் படிகளுக்கு எந்த மாடல் என்று பண்பு குறித்து, வெளியிடும்போது எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று சொல்லும் டிட்டாவால் (DITAVAL) கோப்பு வைத்து வடிகட்டுகிறோம். மாடல் எண் போன்ற சிறிய சொற்களுக்கு, டிட்டாவின் 2010-ல் வந்த 1.2 பதிப்பில் சேர்ந்த கீ (key) என்ற வசதி: வாக்கியத்தில் ஒரு குறிப்பெயரை வைத்தால், வெளியிடும்போது உரிய சொல் அங்கே வந்து நிற்கும்.

தமிழுக்கு வந்தபோது இந்தக் கீ விஷயத்தைத்தான் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் பாகத்தின் பெயரை மாறக்கூடிய சொல்லாக வைத்து வாக்கியத்தின் நடுவில் எதை நுழைத்தாலும் வாக்கியம் பெரும்பாலும் கெடாது. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. வடிகட்டியைக் கழற்றலாம், வால்வைக் கழற்றலாம். ஆனால் பெயர் மட்டும் மாறி உருபு அப்படியே நின்றால் “வால்வுயைக்” என்று வரும். அதனால் பாகங்களின் பெயருக்குக் கீ வேண்டாம், முழுப் படியாகவே மறுபயன்பாடு செய்வோம் என்று முடிவெடுத்தோம். மாடல் எண்ணுக்கு மட்டும் கீ உண்டு. அதற்குப் பின்னால் “மாடல்” என்ற சொல் கட்டாயம் வரும், உருபு அந்தச் சொல்லில் ஏறும். குழுவில் இதைச் சொன்னபோது மலாய், சீன மொழிகளுக்கு எழுதுபவர்கள் தங்கள் மொழிகளில் இது எப்படி நடக்கிறது என்று பகிர்ந்தார்கள். அன்று முழுக்க அதே பேச்சுதான். வாக்கியத்துக்குக் குறைந்த துண்டை மறுபயன்பாடு செய்யாதீர்கள் என்று அனுபவசாலிகள் சொல்லும் அறிவுரையின் அருமை எனக்கு அங்கேதான் புரிந்தது.

டிட்டா கோப்புகளைப் பிடிஎஃப், இணையப் பக்கம் என்று வெளியிட டிட்டா ஓபன் டூல்கிட் என்ற கருவி. அது இலவசம், திறந்த மூலம். எழுதுவதற்கு ஆக்சிஜன் எடிட்டருக்கு மட்டும் பணம் கட்டினோம். பெரிய உள்ளடக்க மேலாண்மை அமைப்பு எதுவும் இப்போது வாங்க வேண்டாம், சிறிய அணிக்கு, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருள் போதும் என்று குழுவில் சொன்னார்கள். எங்கள் மேலாளருக்கும் அந்தக் கணக்கு பிடித்தது. பிடிஎஃப் எடுத்தபோது தமிழ் வரிகள் முழுக்க # குறியாக வந்தன. டூல்கிட் பிடிஎஃப் உருவாக்க அப்பாச்சி எஃப்ஓபி என்ற கருவியைப் பயன்படுத்துகிறது. எழுத்துருவில் இல்லாத எழுத்துக்கு அது # போடும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவி, எழுத்துரு அமைப்புக் கோப்பில் அதைச் சேர்த்ததும் தமிழ் வந்துவிட்டது. குறிப்பு, படம், அட்டவணை போன்ற தலைப்புச் சொற்களைக் கருவி தானாக இடுகிறது. அவை எங்கிருந்து வருகின்றன என்று பார்த்து, தமிழில் நாங்களே எழுதிச் சேர்த்தோம்.

இப்போது ஓர் எச்சரிக்கையைத் திருத்தினால் எல்லா மாடல் கையேடுகளிலும், எல்லா மொழிகளிலும் எந்தெந்த இடம் மாற வேண்டும் என்று தெரிகிறது. மொழிபெயர்ப்பாளருக்கு முழுக் கையேட்டையும் அனுப்புவதில்லை, மாறிய டாபிக்குகள் மட்டும் போகின்றன. தமிழ்ப் பதிப்புக்குப் பணம் ஒதுக்க நிர்வாகம் சம்மதித்ததற்கு அந்தச் செலவுக் குறைவுதான் காரணம். பம்பின் மேல் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் அந்த மாடலுக்கு உரிய பக்கம் கைப்பேசியில் திறக்கிறது. மொழியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

பழுது கண்டறியும் பகுதி இன்னும் பாக்கி. டிட்டாவின் 2015-ல் வந்த 1.3 பதிப்பில் அதற்கென்றே டிரபிள்ஷூட்டிங் என்று ஒரு டாபிக் வகை சேர்ந்திருக்கிறது. அறிகுறி, காரணம், தீர்வு என்ற அதன் அமைப்பு எங்களுக்கு நன்றாகப் பொருந்துகிறது. இதே வேலையைத் தொடங்க நினைக்கும் சிங்கப்பூர் நண்பர்கள் எச்சரிக்கைகளிலிருந்து ஆரம்பியுங்கள். எங்கள் எச்சரிக்கைக் கோப்பின் அமைப்பை, நிறுவன விவரங்களை எடுத்துவிட்டுப் பகிர அனுமதி வாங்கியிருக்கிறேன். கேட்பவர்களுக்குத் தருகிறேன்.