இரண்டு லிட்டருக்கு மேல் வேண்டாம்

ஜூன் 10

நேற்று நள்ளிரவோடு கேரளத்தில் இழுவைப் படகுகளுக்குத் தடை தொடங்கிவிட்டது. ஜூலை 31 வரை. அப்பா கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொன்னார். அங்கிருந்து தோப்பும்படித் துறைமுகம் தெரியாது, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும் என்றேன். "நகர்த்து மக்களே" என்றார். நகர்த்தினேன்.

அப்பாவின் ரத்த ஆக்சிஜன் காலையில் 89. இரவில் 91.

ஜூன் 12

50 மீட்டர் ஆழத்தில் எடுத்த கடலடிச் சேற்று மாதிரி முடிந்தது. ரோஸ் பெங்கால் சாயம் ஏறி எல்லாம் ஒரே இளஞ்சிவப்பு. இடுக்கியை எங்கே வைத்தாலும் வேறொரு குடும்பம் வருகிறது: சிப்பிக் குஞ்சுகள், ஆம்பிபாடுகள் என்ற சிறு ஓட்டுயிர்கள், பாம்பு நட்சத்திரங்களின் ஒடிந்த கைகள், பெயர் தெரிந்தும் தெரியாமலும் பாலிகீட் புழுக்கள். பிரித்து அடுக்குவதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. இந்த ஆழத்தை யாரும் பெரிதாகப் பாராட்டுவதில்லை. "கரையோரம்தானே" என்பார்கள்.

100 மீட்டரை நாளை எடுக்க வேண்டும்.

ஜூன் 13

மழை. மதினி போன் செய்தாள். ஊருக்கு அழைத்து வந்துவிடலாமே என்கிறாள். தூத்தூரில் நடுராத்திரி கரண்ட் போய் ஆக்சிஜன் இயந்திரம் நின்றால் என்ன செய்வது என்று கேட்டேன். பதில் இல்லை.

ஜூன் 17

200 மீட்டர். கப்பலில் இந்த இடத்தில் பாக்ஸ் கோரர் (சேற்றை வெட்டி அள்ளும் பெட்டி) மேலே வந்தபோதே சேற்றின் நிறம் ஆலிவ் பச்சைக்கு மாறியிருந்தது. மேற்பரப்பில் ஒரு லிட்டர் நீரில் நாலரை மில்லிலிட்டர் அளவுக்கு ஆக்சிஜன் கரைந்திருக்கும். இங்கே தொடங்கி ஏறக்குறைய 1,000 மீட்டர் வரை அரை மில்லிலிட்டர்கூடத் தேறாது. அரபிக்கடலுக்கு வடக்கே வழி அடைபட்டிருக்கிறது. பருவக்காற்று ஆழத்து உரத்தை மேலே கொண்டுவருகிறது, மிதவை உயிர்கள் பெருகுகின்றன, அவை செத்து இறங்கும் வழியில் பாக்டீரியாக்கள் அழுகலைத் தின்றே ஆக்சிஜனைக் குடித்துத் தீர்த்துவிடுகின்றன. அந்தத் தண்ணீர் கடற்சரிவில் மோதும் இடத்தில்தான் என் குப்பிகள் நிரம்பின.

சிப்பிகள் ஏறக்குறைய இல்லை. பாம்பு நட்சத்திரக் கை ஒன்றுகூட இல்லை. புழு, புழு, புழு. அதிலும் இரண்டு மூன்று வகைதான். பாராப்ரியோனோஸ்பியோ என்ற புழு ஒன்றைத் தனித் தட்டில் போட்டு, ஒரு சொட்டு நீர் விட்டு, பெரிதாக்கிப் பார்த்தேன். தலைக்குப் பின்னால் மூன்று ஜோடிச் செவுள்கள். நடுத்தண்டு, இரு பக்கமும் தகடு தகடாக இழைகள். உடம்பு நூல் தடிமன், அதற்கு இவ்வளவு பெரிய செவுள்! தொட்டால் உதிர்ந்துவிடும். பாதிப் புழுக்களில் உதிர்ந்தே வந்திருக்கின்றன. விழுந்த தழும்பை எண்ணித்தான் பெயர் எழுத வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வர எட்டு மணி. அப்பா மூக்குக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். கோபம் வந்தது. 85.

ஜூன் 18

500-உம் அப்படித்தான்.

ஜூன் 21

ஒரு வாரமாக ஒரே கேள்வி. சேற்றை அலசும் சல்லடையின் கண் எவ்வளவு பெரிது?

1841-இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர் ஏஜியன் கடலில் வாருவலை போட்டார். ஆழம் கூடக் கூட உயிரினம் குறைவதைக் கண்டார். அவர் வலை எட்டிய தூரம் 230 பாகம் (ஒரு பாகம் ஆறு அடி). அந்தக் குறைவை அப்படியே கீழே நீட்டி, 300 பாகத்துக்குக் கீழே உயிரே இல்லை என்று எழுதிவிட்டார். 1860-இல் சார்டினியாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் இடையே கிடந்த தந்திக் கம்பியை இழுத்தார்கள். ஆயிரம் பாகத்துக்கும் கீழே கிடந்த பகுதியில் பவளம் ஒட்டி வளர்ந்திருந்தது. ஃபோர்ப்ஸ் அதற்குள் இறந்துவிட்டார். அந்தக் கதையை வகுப்பில் சொல்லி எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவர் பார்த்தவரை சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், 1933-34-இல் எகிப்தின் மபாஹிஸ் கப்பலில் செய்மூர் சீவெல் குழு அரபிக்கடலுக்கு வந்தபோது, உண்மையிலேயே உயிரற்றதுபோல் ஒரு பட்டையைக் கண்டது. ஓமான் சரிவில் மேலே உயிர் இருந்தது, கீழே உயிர் இருந்தது, நடுவில் வலை வெறுமையாக வந்தது. பிறகு 1994-இல் டிஸ்கவரி கப்பல் அதே சரிவில் சேற்றை அள்ளி 300 மைக்ரான் (0.3 மில்லிமீட்டர்) கண் உள்ள சல்லடையில் அலசியது. 400, 700 மீட்டரில் சதுர மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் புழுக்கள். அடியில் 1,000-க்குக் கீழே இருந்ததைவிட அதிகம். வலையின் கண் பெரிது, புழு சிறிது, அவ்வளவுதான். ஆனால் அதையும் எல்லா இடத்துக்கும் நீட்டிவிட முடியாது. பாகிஸ்தான் சரிவில் 300 மீட்டர் அளவில் அதே சல்லடையிலும் ஏறக்குறைய ஒன்றும் சிக்கவில்லை. அங்கே சேறு கலைக்கப்படாமல் ஆண்டுக்கு ஆண்டு கோடு கோடாகப் படிந்து கிடக்கிறது. துளைக்க ஆளில்லை.

என் பழைய மாதிரிகளில் சிலவற்றை எனக்கு முன்னால் இருந்தவர் 500 மைக்ரானில் அலசியிருக்கிறார். கீழே போனது போனதுதான். அந்த எண்களையும் என் எண்களையும் ஒரே அட்டவணையில் வைக்கச் சொல்கிறார்கள். வைக்க மாட்டேன்.

ஜூன் 22

86.

ஜூன் 24

ஆஸ்பத்திரி. நான்கு மணி நேரம் வரிசை. இளம் டாக்டர், நல்ல பையன். ஆக்சிஜன் நிமிடத்துக்கு இரண்டு லிட்டருக்கு மேல் வேண்டாம் என்று மறுபடியும் சொன்னார். 88-க்கும் 92-க்கும் நடுவில் இருந்தால் போதுமாம். அப்பாவின் உடம்பு குறைந்த ஆக்சிஜனுக்கே பழகிவிட்டது, கூட்டினால் கார்பன் டை ஆக்சைடு தேங்கி மயக்கத்தில் கொண்டுவிடும் என்றார். அப்பா தலையாட்டினார். வெளியே வந்ததும், "நீ படிக்கிற புழு மாதிரி ஆக்கிவிட்டான்" என்றார். ஆட்டோவில் வரும்போது இருமிக்கொண்டே இதையே சொல்லிச் சிரித்தார்.

ஜூன் 30

டீசல் புகை, பீடி. அப்பாவின் நுரையீரலைக் கெடுத்ததில் எது எவ்வளவு என்று அண்ணன் கணக்குக் கேட்கிறான். கேட்டு என்ன செய்யப் போகிறான்?

ஜூலை 2

1,000 மீட்டர். ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும் விளிம்பு. பாம்பு நட்சத்திரங்கள் மீண்டும் வந்துவிட்டன, சிப்பிகளும். மேலே மூச்சுக்கு வழியில்லாததால் தின்னப்படாமல் தப்பிய உணவு இங்கே வந்து சேர்கிறது. மூச்சும் ஓரளவு இருக்கிறது. ஓமான் சரிவின் இதே ஆழத்தில் என்செஃபலாய்டஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கி என்ற சிலந்தி நண்டு கூட்டம் கூட்டமாக நிற்கும் படங்கள் இருக்கின்றன. 1891-இலேயே பெயர் வைத்துவிட்டார்கள், வங்கக் கடலில் இன்வெஸ்டிகேட்டர் கப்பல் பிடித்ததற்கு. வைத்தவர்கள் உட்மேசன், ஆல்காக். ஆல்காக் அந்தக் கப்பலின் மருத்துவர்.

போனில் அப்பாவுக்குப் படம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "இதுவா? கொல்லத்துக்கு மேற்கே ஆழத்தில் இழுத்தால் மடி நிறைய வரும். காலெல்லாம் வலையில் சிக்கும். ஒரு காசுக்கு ஆகாது, வாரிக் கொட்டிவிடுவோம்" என்றார். அவர் தேடிப் போனது சிவப்பு இறாலை. 200 பாகத்துக்கு மேல் கம்பி விட்டு இழுப்பார்கள். அந்த இறால் பெயரிலும் ஆல்காக்தான் இருக்கிறார்: அரிஸ்டியஸ் ஆல்காக்கி. இதையும் சொன்னேன். "டாக்டர் பெயரா?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தக் கம்பி இழுத்த கை, இப்போது டம்ளரைத் தூக்கினால் நடுங்குகிறது.

ஜூலை 6

பாடப் படங்களில் கடலை வெளிர்நீலம், நீலம், கருநீலம் என்று பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிராணியை ஒட்டியிருப்பார்கள். மாடிக் கட்டடத்தில் குடியிருப்பதுபோல. இன்று ஒரு மாணவி அதே படத்தோடு வந்தாள். 200 மீட்டரில் கோடு ஏன் என்றேன். தெரியவில்லை. ஆழம் ஒரு எண்தான் அம்மா, அங்கே மூச்சு எவ்வளவு, சோறு எவ்வளவு, தரை மணலா சேறா, அதைக் கேள் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பாவம், அவள் நாளைக்கு வருவாளோ என்னவோ.

ஜூலை 10

2,000 மீட்டர். தட்டு காலி என்றே நினைத்தேன். ஆனால் கிடைப்பதெல்லாம் வேறு வேறு. 500 மீட்டரில் ஒரே புழுவைத் திரும்பத் திரும்ப எடுத்துக் கை அலுத்தது. இங்கே ஒரு ஐசோபாடு, அடுத்தது டனாய்டு, அடுத்தது இதுவரை பார்க்காத பாலிகீட். ஒவ்வொன்றுக்கும் புத்தகம் புரட்ட வேண்டும். மூச்சுக்குப் பஞ்சமில்லை, சோற்றுக்குத்தான் பஞ்சம்: மேலே விளைவதில் நூற்றில் ஓரிரு பங்குதான் இவ்வளவு தூரம் வந்து சேரும். உடல்கள் சின்னதாகிவிட்டன. வட அட்லாண்டிக்கில் வகைகள் உச்சம் தொடுவது 2,000-க்கும் 3,000-க்கும் நடுவில் என்று ஆழ்கடல் ஆய்வாளர் மைக்கேல் ரெக்ஸ் காட்டினார். காரணம் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை.

இன்று சந்தோஷமாக இருந்தேன். எழுதி வைக்கிறேன்.

ஜூலை 13

இரவு இரண்டே காலுக்குக் கரண்ட் போயிற்று. சிலிண்டர் வால்வு திறக்கவில்லை. பிறகு திறந்தது.

ஜூலை 14

யாரோடும் பேசவில்லை. சிலிண்டர்க்காரரோடு மட்டும், அதுவும் கத்தல்.

ஜூலை 19

தூக்கம் வராத அப்பா கேட்டார்: "மீன் எது வரைக்கும் உண்டு?"

2022-இல் ஜப்பானுக்குத் தெற்கே இசு-ஒகசவாரா அகழியில் 8,336 மீட்டரில் ஒரு நத்தை மீனைப் படம் பிடித்தார்கள் என்றேன். அதற்குக் கீழே மீன் பார்த்தவர் இல்லை. கடல் அட்டையும் ஆம்பிபாடும் அடிமட்டம் வரை போகும்.

"ஏன் மீன் போகாது?"

அழுத்தத்தில் புரதம் குலையாமல் இருக்க உடம்பில் டிஎம்ஏஓ என்ற பொருளைச் சேர்த்துக்கொள்கிறது, ஆழம் கூடக் கூட அதுவும் கூடுகிறது, ஒரு கட்டத்தில் கடல்நீரைவிட உடம்பின் நீர் செறிவாகிவிடும், அதற்கு மேல் தாங்காது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள் என்றேன். செத்த மீனில் நாற்றமடிப்பது அந்தப் பொருள் சிதைவதால்தான் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

நெடுநேரம் பேசவில்லை. தூங்கிவிட்டார் என்று விளக்கை அணைக்கப் போனேன்.

"விலை போகுமா அந்த மீன்?"

வழுவழுவென்று கொழகொழத்திருக்கும் அப்பா, யாரும் வாங்க மாட்டார்கள்.

"பிறகு எதற்கு அங்கே போய்ப் படம் பிடிக்கிறான்?"

ஜூலை 23

87, 88, 86, 88. மணிக்கொருமுறை பார்க்காதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஜூலை 26

அட்டவணை விஷயம் முடிவாகிவிட்டது. 500 மைக்ரான் மாதிரிகளைத் தனி அத்தியாயமாக வைக்கலாமாம். சண்டை போடத் தயாராகப் போனேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

ஜூலை 29

தடை முடியும் இரவில் படகுகள் கிளம்புவதைப் பார்க்க வேண்டுமாம். காலையிலிருந்து இதே பேச்சு. படியிறங்க இரண்டு ஆள் வேண்டும், துறைமுகத்தில் அன்றைக்கு நிற்கக்கூட இடமிருக்காது, மழை வேறு. எல்லாவற்றையும் சொன்னேன். சட்டையை இஸ்திரி போடச் சொல்லிவிட்டார்.

1,500 மீட்டர் இரண்டாவது குப்பி பாதியில் நிற்கிறது. கார்க்காரரிடம் சின்ன சிலிண்டரை முன் சீட்டில் வைக்க விடுவாரா என்று கேட்க வேண்டும்.