நண்பகல் வரை நிற்கும் பனி

திருச்சியில் ஹோட்டல் மேலாண்மைப் படிப்பை முடித்தபின், காஷ்மீரின் பனிச்சறுக்குத் தலமான குல்மார்கில் ஒரு விடுதியின் வரவேற்புப் பிரிவில் மூன்று குளிர்காலங்கள் பணியாற்றினேன். விருந்தினர்களுக்கு அறை ஒதுக்குவதும் கணக்கு முடிப்பதும் என் வேலையின் ஒரு பாதிதான். விடிவதற்கு முன் எழுந்து, மலையில் பனி எப்படி இருக்கிறது என்று விசாரித்து, சறுக்க வந்தவர்கள் எப்போது கிளம்புவது நல்லது என்று சொல்வது மறுபாதி. ஜனவரியில் இது எளிது. பகல் முழுவதும் குளிர் மாறாததால் எப்போது போனாலும் பனி ஒன்றுபோலவே இருக்கும். மார்ச்சில் ஒரு மணி நேரம் தவறினாலும் அந்த நாளே கைவிட்டுப் போகும்.

காஷ்மீரிகள் தங்கள் கடுங்குளிரை மூன்றாகப் பகுக்கிறார்கள். டிசம்பர் 21 முதல் 40 நாட்கள் சில்லாய் கலான், அதன்பின் 20 நாட்கள் சில்லாய் குர்த், கடைசி 10 நாட்கள் சில்லாய் பச்சா. மார்ச் பிறக்கும்போது இந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது, பனி முடிவதில்லை. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து மழையும் பனியும் கொண்டு வரும், மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் காற்றழுத்த அமைப்புகள் மார்ச்சிலும் பீர் பஞ்சால் மலைத்தொடரில் மோதி, ஒரே இரவில் முழங்கால் அளவுக்குப் புதுப்பனியைக் கொட்டிவிட்டுப் போவதுண்டு. அந்தப் பனியை மறுநாள் காலையில் சந்திக்கும் சூரியன்தான் ஜனவரிச் சூரியன் அல்ல. குல்மார்க் 34 டிகிரி வடக்கில் இருப்பதால், டிசம்பர் 21 நண்பகலில் 33 டிகிரி உயரத்தில் தாழ்ந்து நிற்கும் சூரியன், மார்ச் 21 நண்பகலில் 56 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. ஆல்ப்ஸ் மலைகளில் அதே நாளில் அது 44 டிகிரியை ஒட்டியே நிற்கும். அங்கே சறுக்கிப் பழகிய விருந்தினர்கள், தங்கள் ஊர் வசந்தத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, காலை உணவை நிதானமாக முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பார்கள்.

எனக்குச் சறுக்கக் கற்றுத்தந்தவர் டங்மார்கைச் சேர்ந்த ஒரு பெரியவர்; எல்லோரையும் போல நானும் அவரை உஸ்தாத் என்றே அழைத்தேன். மார்ச் மாதப் புதுப்பனியைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான்: "காலையில் மாவு, மதியம் பிசைந்த மாவு." அதன் காரணம் பின்னால்தான் எனக்கு விளங்கியது. புதிதாய் விழுந்த பனி தன்மேல் படும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கும் மேல் திருப்பி அனுப்பிவிடுவதால் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கிறது. காற்றின் வெப்பம் சுழியத்தைத் தாண்டியதும் செதில்களின் மெல்லிய கிளைகள் உருகி, துகள்களுக்கிடையே நீர்ப்படலம் பரவுகிறது. நனைந்த பனி முன்னைவிட அதிக ஒளியை வாங்கிக்கொள்வதால் மேலும் விரைவாக நனைகிறது. அந்த நிலையில் காலில் மாட்டும் சறுக்குப் பலகையான ஸ்கீயின் அடிப்பரப்பை ஈரம் உறிஞ்சிப் பிடிக்கும். திரும்ப முயலும் முழங்கால்தான் அந்தப் பிடியின் விலையைக் கொடுக்கும். அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. மரக்கிளைகளுக்கும் பாறைகளுக்கும் அடியிலிருந்து சிறு பனி உருண்டைகள் தாமாக உருண்டு வரத் தொடங்கினால், செங்குத்தான சரிவை விட்டு விலகிவிட வேண்டும் என்று உஸ்தாத் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மேலடுக்கு பிடியிழக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் இரண்டாம் ஆண்டில் நான் தவறினேன். நான்கு நண்பர்கள் ஐந்து நாட்கள் தங்கினார்கள். நான்கு நாளும் மேகமூட்டமும் காற்றுமாக இருந்ததால் மலையுச்சிக்குப் போகும் கம்பிவட ஊர்தியான மேல் கோண்டோலா இயங்கவில்லை. கடைசி இரவில் பனி கொட்டி, விடியலில் வானம் முழுவதும் தெளிந்துவிட்டது. அவர்கள் அயர்ந்து தூங்கினார்கள். கதவைத் தட்டி எழுப்புவது மரியாதைக் குறைவு என்று நான் தயங்கினேன். அவர்கள் எழுந்து உண்டு, பூட் மாட்டி, கோண்டோலா வரிசையில் நின்று மேலே சேர்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. மாலையில் களைத்துத் திரும்பிய அவர்களில் ஒருவர், "இவ்வளவு பனி விழுந்தும் எங்களுக்குக் கிடைக்கவில்லையே" என்றார். என்னை அவர் குறை சொல்லவில்லை. அதனாலேயே அந்தச் சொல் இன்றும் என்னிடம் இருக்கிறது.

அதன்பின் இரவு உணவின்போதே ஒவ்வொருவரிடமும் கேட்டுவைப்பேன்: வானம் தெளிந்தால் எழுப்பலாமா? சமையலறையில் பேசி, பரோட்டாவைத் தாளில் சுற்றி, உப்புத் தேநீரான நூன் சாயைக் குடுவையில் ஊற்றி, புறப்படும் நேரத்துக்கு முன்பே தயாராக வைத்துவிட ஏற்பாடு செய்தேன். இரவுப் பனியின் அளவு, வானம் தெளிந்த நேரம், பனி ஒட்டத் தொடங்கியதாகச் சறுக்கியவர்கள் சொன்ன நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துவந்தேன். தேவதாரு மரங்களின் நிழலில் வடக்கு பார்த்த சரிவுகள், திறந்த சரிவுகளைவிட நெடுநேரம் உலர்ந்தே இருப்பதை அந்த நோட்டுதான் எனக்குக் காட்டியது. தாமதமாக எழுபவர்களுக்கு அந்தப் பக்கத்தைப் பரிந்துரைக்க முடிந்தது.

மூன்றாம் ஆண்டு மார்ச்சில் ஒரு விடுமுறை நாளில் எனக்கும் அந்தக் காலை வாய்த்தது. 1998-இல் தொடங்கிய முதல் கட்டக் கோண்டோலாவில் கொங்தூரிக்கும், அங்கிருந்து 2005-இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் அபர்வாத் மலையின் மேல் நிலையத்துக்கும், உஸ்தாதும் நானும் முதல் பெட்டிகளுள் ஒன்றில் ஏறினோம். ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்கியது. வடக்கே, தொலைவில், நங்க பர்வதம் தெளிவாகத் தெரிந்தது. பாதுகாப்புக் குழுவினர் சரிவைச் சோதித்துத் திறந்ததும் உஸ்தாத் முன்னே இறங்கினார். இரண்டு ஸ்கீயிலும் எடையைச் சமமாக வைத்து நான் பின்தொடர்ந்தேன். கால்களுக்குக் கீழே தரை இருப்பதாகவே தோன்றவில்லை; ஒவ்வொரு திருப்பத்திலும் பனி மார்பளவு எழுந்து, ஓசையின்றி அடங்கியது. பாதி வழியில் உஸ்தாத் நின்று, குனிந்து, ஒரு பிடி பனியை அள்ளிக் கையுறைக்குள் இறுக்கினார். விரல்களைத் திறந்தபோது அது பொடியாகவே உதிர்ந்தது. "இன்னொரு முறை மேலே போகலாம்" என்றார். மணி பதினொன்றரை ஆகியிருந்தது.