பதினோரு கிராம் குறைந்தது

வெள்ளி வேலையில் கூலியைத் தருவதும் தராசுதான், பறிப்பதும் தராசுதான். வியாபாரி வெள்ளியை எடைபோட்டுத் தருவார், நகையை எடைபோட்டு வாங்கிக்கொள்வார். ஒப்புக்கொண்ட சேதாரத்துக்கு மேல் குறைந்தால் கூலியில் கழியும். தனியாக நான் எடுத்த முதல் வேலை 500 கிராம் கொலுசு. 20 நாள் உழைத்தேன். சேதாரம் போக 11 கிராம் குறைந்தது. கைக்கு வந்த கூலி கரிச் செலவுக்கே போதவில்லை.

யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. பட்டறையில் என்னைத் தவிர யாரும் கிடையாது என்பது வேறு விஷயம். தொழில் கற்றுத்தந்த பெரியவரை அழைத்து வந்தேன். ஒன்றும் பேசாமல், வெள்ளி உருக்கும் கிண்ணமான மூசையைக் கவிழ்த்துத் தட்டினார். உருக்கும்போது அழுக்கைப் பிரிக்கப் போடும் வெண்காரத்தின் கசடோடு கடுகு கடுகாய் வெள்ளி உதிர்ந்தது. அரத்தின் பல்லில் தூள், பாயின் இடுக்கில் தூள், என் வேட்டி மடிப்பிலும் தூள்.

"ஒரு வளையம் பற்றவை தம்பி, பார்க்கிறேன்" என்றார். அங்கேதான் மானம் போயிற்று. ஊதுகுழல் தீயை நேராகப் பொடியின்மேல், அதாவது இணைப்பை ஒட்டவைக்கும் உலோகத் தூளின்மேல், பிடித்தேன். அது உருண்டு ஒதுங்கியது. இன்னும் கொஞ்சம் பொடி போட்டேன். வெள்ளியைப் போல் வெப்பத்தைக் கடத்தும் உலோகம் வேறில்லை. ஓரிடத்தில் காட்டும் சூடு நகையெங்கும் ஓடிவிடும். ஆகவே சுற்றிலும் சூடேற்ற வேண்டும். பிறகு பொடி சூட்டைத் தேடித் தானாக இணைப்புக்குள் பாயும். சுத்த வெள்ளி உருக 961 டிகிரி செல்சியஸ் வேண்டும். செம்பு கலந்த 92.5 சதவீத வெள்ளி 900 டிகிரிக்குள்ளேயே நீராகிவிடும். பொடி அதற்கும் முன்னால் உருக வேண்டும். இந்தச் சின்ன இடைவெளியை அளக்க எங்களிடம் இருப்பது கண் மட்டுமே. பெரியவர் சன்னலைச் சாத்தினார். வெள்ளி சிவப்பேறுவது அரையிருட்டில்தான் தெரியும். நானோ அதுவரை வெளிச்சம் தேடி வாசலருகே உட்கார்ந்திருந்தேன்.

பொடி கூடினால் எடையும் கூடுமே என்று கேட்டுவைத்தேன். முறைத்தார். பொடியில் வெள்ளி குறைவு. நூற்றுக்கணக்கான வளையங்களில் துளித்துளியாய்க் கூடினால், உருக்கிப் பார்க்கும்போது தரம் இறங்கும். எடை குறைந்தால் கூலியோடு போகும், தரம் குறைந்தால் அடுத்த வேலையே வராது.

மூலையில் கிடந்த குப்பையை நல்லவேளையாக நான் கொட்டியிருக்கவில்லை. அதை எரித்து, சாம்பலை நீரில் அரித்து, அடியில் தங்கியதை வெண்காரம் போட்டு உருக்கினோம். மூசைக் கசடையும் சேர்த்து 8 கிராம் தேறியது. பெரியவர் அந்த உருண்டையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"மீதி மூன்றும் இந்த வீட்டில்தான் இருக்கிறது. அந்த வேட்டியைத் துவைக்கப் போடாதே."