பொறையெனும் நீர்

காலைப் பிரார்த்தனைக்காக நாங்கள் பாடமாக்கிய தேவாரங்களுள், மெய்ம்மையை உழவாகவும் விருப்பை வித்தாகவும் பொறையை நீராகவும் வைத்துச் சிவகதி விளையும் என்று அப்பர் சுவாமிகள் பாடிய நான்காம் திருமுறைப் பாடலும் ஒன்று. அதன் பொருள் எனக்குப் பிடிபட்டது சமயபாட வகுப்பில் அல்ல, பள்ளித் தோட்டத்தில்.

1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போயின. யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் செம்மண்ணில் தோட்டக் காணி வைத்திருந்தவர்கள் தலைநிமிர்ந்த காலம் அது. நாங்களும் மிளகாய்க் கன்றே கேட்டோம். விவசாயம் படிப்பித்த மாஸ்டர் அதற்கெனச் சில பாத்திகளை விட்டுத் தந்துவிட்டு, எல்லை வேலியோரம் பனம் விதை புதைக்கச் சொன்னார்.

"பனங்கிழங்குக்கோ, சேர்?"

"கிழங்குக்கெண்டால் பாத்தி போட்டிருப்பன். இது வடலிக்கு, பனையாய் வளர."

பனம் விதையின் முளை முதலில் மேலே வருவதில்லை; குழல்போல் மண்ணுக்குள் இறங்கி, அங்கே கிழங்கு திரளத் தொடங்கிய பின்னரே ஓலை தலைகாட்டும். பாளை தள்ள 15, 20 ஆண்டுகள் செல்லலாம். அதுவரை ஆணோ பெண்ணோ என்றும் சொல்ல இயலாது. அவசரக்காரன் ஒருவன் கிண்டிப் பார்த்தபோது, வெள்ளை முளையின் நுனி ஒடிந்து மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. மாஸ்டர் ஏசவில்லை, அந்தக் குழியில் வேறொரு விதையைப் போடுவித்தார்.

பொறுமையென்பது கைகட்டி இருப்பது என்று எண்ணுவோர் அப்பர் அதை நீராக வைத்ததைக் கவனிக்க வேண்டும். ஆறில்லாத யாழ்ப்பாணத்தில் நீரென்றால் கிணறும் துலாவும், விடியப்புறம் எழும்பி முறைக்கு இறைப்பதும்தான். (வாட்டர் பம்ப் கண்ட தலைமுறை இதை நம்புமோ தெரியாது.) கடவுள் நம்பிக்கையும் அவ்வாறு நாள்தோறும் செய்யவேண்டிய தொழில் என்பதே என் துணிபு.

பின்னர் போர் வந்தது. காப்பரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்குமாகக் குடாநாட்டில் எத்தனையோ பனைகள் தறிக்கப்பட்டன. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின் பின் திரும்பியவர்கள் எங்கள் வேலியிலும் அடிக்கட்டைகளைக் கண்டார்கள். தப்பிய பெண் பனைகளின் பழத்தை இன்றைய பிள்ளைகள் பொறுக்குகிறார்கள். மாஸ்டர் அதைக் காண இருக்கவில்லை. காணலாம் என்று எண்ணி நாட்டுவித்தவரும் அல்லர்.

வெறுமையாகிவிட்ட அந்த எல்லையில் மீண்டும் பனம் விதை நாட்டப் பள்ளியின் பழைய மாணவர் சங்கம் நிதி சேர்க்கிறது. ஆவணி, புரட்டாதியில் விதை சேர்த்து, மாரி மழை தொடங்குமுன் புதைத்துவிட வேண்டும். பணம் அனுப்பும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இம்மலரின் அடுத்த இதழுக்குப் படம் கேட்டு அதிபரைக் கரைச்சல்படுத்த வேண்டாம், படமெடுக்க அங்கே அப்போது பெரிதாக ஒன்றும் இராது.