ஏலகிரியில் பலா இருக்கிறது, மரகதப்புறா எங்கே?

ஆட்டோக்காரர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்னும் வயிறு எரிகிறது. ஏலகிரி மலையடிவாரத்துப் பொன்னேரியில் மலைப் பஸ் கண்ணெதிரே போய்விட்டது. 500 ரூபாய்க்குப் பேசி ஆட்டோவில் ஏறினால், பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டியதும் 700 கேட்கிறார். பாரி, ஓரி என்று வள்ளல்களின் பெயர் தாங்கிய வளைவுகள் கொண்ட சாலையில் இப்படி ஒரு பேரம்! கொண்டுபோனதே 1,500 ரூபாய்தான்.

2019-இல் ஏலகிரி திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டாலும், வட ஆர்க்காட்டுக்காரனான எனக்கு இது எங்கள் மலைதான். தமிழ்நாட்டின் மாநிலப் பழம் பலா, மாநிலப் பறவை மரகதப்புறா. இரண்டையும் ஒரே நாளில் இங்கே பார்த்துவிட ஆசைப்பட்டேன்.

பலாவைத் தேடவே வேண்டாம். அடிமரத்திலேயே கொத்தாகத் தொங்குகிறது; வாசனை வந்து கையைப் பிடித்து இழுக்கிறது. அத்தனாவூரில் சாலையோரம் ஓர் அம்மா கத்தியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தைப் பிளந்தார். வெள்ளைப் பால் நூல் நூலாக இழுத்தது. சடையை விலக்கி, மஞ்சள் சுளையைக் கொட்டையோடு நீட்டினார். தேன்! 50 ரூபாய்க்குப் பன்னிரண்டு சுளை. பயணத்தில் மனம் நிறைந்து கொடுத்த காசு அது ஒன்றுதான்.

புறாவோ நேர்மாறு. நிழலில் பழுப்பாகத் தெரியும். வெயில் பட்டால்தான் இறக்கையில் மரகதப் பச்சை மின்னும். காட்டுத் தரையில் நடந்து, உதிர்ந்த பழங்களையும் விதைகளையும் பொறுக்கும். ஒரு பலாப்பழத்துக்குள் நூறு கொட்டைகள்கூட இருக்கும். இந்தப் புறா நாலு குச்சியை அடுக்கிய கூட்டில் இரண்டே முட்டை இடும். பலா வாரி இறைக்கிறது, புறா எண்ணி வைக்கிறது. மரம் அடர்ந்த, ஆள் நடமாட்டமில்லாத இடம் இல்லாவிட்டால் அது எப்படித் தாங்கும்?

மூன்று மணி நேரம் நடந்தேன். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பழம் விற்ற அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். "கிளியா தம்பி?" என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை. பாடப்புத்தகத்தில் ஒரு வரியோடு இந்தப் பறவையை முடித்துவிட்ட நம்மேல்தான் எனக்குக் கோபம்.

கிளம்பும்போது குழம்புக்கு ஆகும் என்று ஒரு பிடி பலாக்கொட்டையைத் தாளில் மடித்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

போகிறவர்கள் மலைப் பஸ் நேரத்தைத் திருப்பத்தூரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோதான் என்றால், மொத்தத் தொகையைப் பேசி முடித்த பிறகே காலை எடுத்து வையுங்கள்.