முடக்குவாதத்தோடு முதுகு ஆபரேஷனுக்குப் போனபோது

எனக்கு முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுகளைத் தாக்கி வீங்க வைக்கிற நோய்) வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதனால் உடம்பில் எங்கே வலித்தாலும் வீட்டில் ஒரே பதில்தான்: "அது உன் வாதம்." கொஞ்ச தூரம் நடந்தாலே இரண்டு காலும் மரத்துப்போய், எங்காவது உட்கார்ந்தால்தான் உயிர் வரும் என்ற நிலை வந்தபோதும் அதையேதான் சொன்னார்கள். ஒருநாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு குனிந்து பார்க்கிறேன், வலது காலில் செருப்பைக் காணோம். கழன்று விழுந்தது காலுக்கே தெரியவில்லை.

வாத நோய் டாக்டர் என் கால் பெருவிரலைத் தன் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மேலே தூக்குங்கம்மா" என்றார். தூக்க முடியவில்லை. "இது நம்ம சமாச்சாரம் இல்லைம்மா, முதுகு டாக்டரைப் பாருங்க" என்று அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எழுதிவிட்டார். முடக்குவாதம் முதுகெலும்பைப் பிடித்தால் பெரும்பாலும் கழுத்தின் மேல்பகுதியைத்தான் பிடிக்கும், இடுப்புப் பக்கம் அவ்வளவாக வராது என்பது எனக்கு அன்றுதான் தெரியும். என் இடுப்பில் எல்4 என்கிற நான்காவது முதுகெலும்பு, அதற்குக் கீழே உள்ள எல்5 மேல் முன்பக்கமாக நழுவி, நரம்பு போகிற வழியை நெருக்கிக்கொண்டிருந்தது. வயசுத் தேய்மானம். அது போதாதென்று, வருஷக்கணக்காக விழுங்கிய ஸ்டீராய்டு எலும்பை அரித்து வைத்திருந்தது.

முதுகு சர்ஜன் ஃபியூஷன், அதாவது இரண்டு எலும்பையும் ஒன்றாகச் சேர்க்கிற ஆபரேஷன், செய்ய வேண்டும் என்றார். நழுவிய எலும்பையும் கீழே உள்ளதையும் ஸ்க்ரூ, ராடு போட்டு நிறுத்தி, நடுவில் டிஸ்க் என்கிற மெத்தை இருந்த இடத்தில் கேஜ் என்று ஒரு சின்னக் கூண்டும் எலும்புத் துண்டுகளும் வைத்துவிடுவார்கள். ஸ்க்ரூ தற்காலிகக் காவல்தான். இரண்டு எலும்பும் வளர்ந்து ஒன்றாக வேண்டும், அதற்கு ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை ஆகும். எலும்பு அடர்த்தி பார்க்கிற டெக்ஸா ஸ்கேனில் என் அளவு (டி-ஸ்கோர் என்பார்கள்) மைனஸ் 2.7. மைனஸ் 2.5-ஓ அதற்குக் கீழேயோ போனாலே ஆஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய். "உதிர்ற சுவர்ல ஆணி அடிச்சா நிக்குமாம்மா? மூணு மாசம் எலும்புக்கு ஊசி போடுங்க, அப்புறம் வாங்க" என்று அனுப்பினார். டெரிபராடைட் என்று பேனா மாதிரி ஒரு ஊசி. தினம் நாமே வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

உண்மையான பாடு மருந்து விஷயத்தில்தான். நான் சாப்பிட்டது வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட், தினம் எச்.சி.க்யூ. (ஹைட்ராக்ஸிகுளோரோக்வின்), தினம் 5 மில்லிகிராம் ஸ்டீராய்டு, பதினைந்து நாளைக்கு ஒரு அடாலிமுமாப் ஊசி. இவற்றில் பெரும்பாலானவை எதிர்ப்பு சக்தியை அமுக்கி வைக்கிற மருந்துகள். நிறுத்தாவிட்டால் புண்ணில் சீழ் பிடிக்குமோ என்ற பயம், நிறுத்தினால் மூட்டெல்லாம் கிளம்பிவிடுமோ என்ற பயம். சர்ஜனைக் கேட்டால் "வாத டாக்டர் சொல்றபடி செய்யுங்க" என்பார். வாத டாக்டரைக் கேட்டால் "சர்ஜனுக்கு எது சரியோ அப்படி" என்பார். நடுவில் என் நாத்தனார், "எல்லா மாத்திரையையும் ஒரு மாசம் விட்டுடு அண்ணி" என்று போனில் வைத்தியம் சொன்னாள். அப்படி ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தியிருந்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். நீண்ட நாள் அதைச் சாப்பிட்ட உடம்பு, தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும்.

கடைசியில் ஒரு வெள்ளைத்தாளில் மருந்து ஒவ்வொன்றின் பெயரையும் எழுதி, பக்கத்தில் "கடைசி டோஸ்", "மறுபடி ஆரம்பம்" என்று இரண்டு கட்டம் போட்டு வாத டாக்டர் மேஜையில் வைத்தேன். அவர் அங்கேயே சர்ஜனுக்குப் போன் போட்டார். அமெரிக்க வாத நோய் டாக்டர்களின் சங்கமான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜி 2022-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல் ஒன்று இருக்கிறது. அது இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கானது, முதுகுக்கு அல்ல. ஆனாலும் அதை ஒட்டியே முடிவு செய்தார்கள். மெத்தோட்ரெக்சேட், எச்.சி.க்யூ. இரண்டையும் நிறுத்த வேண்டாம். ஸ்டீராய்டு ஆபரேஷன் அன்று காலையிலும் வழக்கமான அளவு. அடாலிமுமாப் மட்டும் அடுத்த டோஸைத் தவிர்த்து, கடைசி ஊசி போட்ட மூன்றாவது வாரத்தில் ஆபரேஷன். தையல் பிரித்து, புண் காய்ந்தபிறகு மறுபடி ஊசி, அதுவும் இரண்டு வாரத்துக்கு முன்னால் கிடையாது. இரண்டு டாக்டரிடமும் அந்தத் தாளில் கையெழுத்து வாங்கினேன். பெரிய ஃபைல் ஒன்று வைத்திருந்தேன், ஆனால் கடைசிவரை உதவியது அந்த ஒற்றைத் தாள்தான்.

மயக்க டாக்டர் என் முதுகைப் பார்க்கவே இல்லை. "கழுத்து எக்ஸ்ரே எங்கே?" என்றார். குனிந்து ஒன்று, நிமிர்ந்து ஒன்று எடுத்துவரச் சொன்னார். முடக்குவாதத்தில் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளைக் கட்டியிருக்கும் தசைநார் தளர்ந்துவிடுமாம். பெரியவர்களுக்கு அந்த இடைவெளி 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், எனக்குக் குனிந்தால் நான்கு. மயக்கம் கொடுத்துக் குழாய் போடும்போது கழுத்தைச் சாதாரணமாகப் பின்னால் மடக்கினால் தண்டுவடத்தில் அடிபடலாம். அதனால் கழுத்தை அசைக்காமல் கேமரா வைத்துக் குழாய் போட ஏற்பாடு செய்தார். இடுப்பு ஆபரேஷன்தானே என்று இந்த எக்ஸ்ரேயை யாராவது விட்டால், நீங்களே கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்சூரன்ஸ் கதை நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். முதுகுத் தேய்மானம் முடக்குவாதத்தோடு சேர்ந்ததா, பழைய நோய்க் கணக்கில் வருமா என்று கேள்வி மேல் கேள்வி. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் 36 மாத உச்சவரம்பு வைத்துவிட்டது. என் பாலிசி அதையெல்லாம் எப்போதோ தாண்டியிருந்ததால் வாயை மூடிக்கொண்டார்கள்.

அட்மிட் ஆன அன்று சாயங்காலம் சிஸ்டர் மாத்திரைக் கிண்ணத்தை நீட்டினார். அதில் சின்னதாக மஞ்சள் மாத்திரை. எனக்கு அது பழகிய முகம். "சிஸ்டர், இது ஞாயித்துக்கிழமை மாத்திரை. இன்னைக்குப் புதன்." "சார்ட்ல டெய்லின்னு இருக்கேம்மா." வாரத்துக்கு ஒன்று போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினம் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் இறங்கி ஆளையே கொண்டுபோய்விடும். என் ஒற்றைத் தாளை எடுத்துக் காட்டினேன். ட்யூட்டி டாக்டர் வந்து அடித்துத் திருத்தினார். சிஸ்டர் மேல் கோபமில்லை, அந்தப் பெண்ணுக்கு அன்று வார்டு முழுக்க ஒற்றை ஆளாக வேலை.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, தூங்கிக்கொண்டிருந்தேன். எழுந்ததும் கால் பெருவிரலை அசைத்துப் பார்த்தேன், அசைந்தது.

மறுநாள் பிசியோ வந்தார். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பிப் பக்கவாட்டில் படுத்து, கையை ஊன்றி எழ வேண்டும். அதுவரை சரி. இரண்டு மூன்று நாளில் மணிக்கட்டு இரண்டும் வீங்கிவிட்டன, ஊசி இல்லாத வாரம் அல்லவா. கையை ஊன்றவும் முடியவில்லை, வாக்கர் பிடியைச் சுற்றி விரலை மடக்கவும் முடியவில்லை. முதுகு ஆபரேஷன் செய்தவர்களுக்குச் சொல்கிற அறிவுரை எல்லாமே கை நன்றாக இருக்கிறவர்களுக்கானது. குனியாதே, திரும்பாதே, தூக்காதே, எல்லாவற்றுக்கும் கையைப் பயன்படுத்து. இதை ஆபரேஷனுக்கு முன்பு ஒருவரும் என்னிடம் பேசவில்லை.

முழங்கையைத் தாங்கலாக வைத்துத் தள்ளுகிற வாக்கர் இருக்கிறது என்றார் பிசியோ. எங்கள் ஊர் சர்ஜிகல் கடைகளில் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் பி.வி.சி. பைப்பை நீளவாக்கில் பிளந்து, உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டி, வெல்டிங் பட்டறையில் கிளாம்ப் வைத்து வாக்கரின் இரண்டு பக்கமும் பொருத்திக் கொண்டுவந்தார். பிசியோ உலுக்கிப் பார்த்துவிட்டு, உயரத்தை மட்டும் ஏற்றச் சொன்னார். அதில் முன்கையை வைத்துத்தான் வீடு முழுக்க நடந்தேன்.

வீக்கத்துக்கு வழக்கமான வலி மாத்திரை கேட்டேன். எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தலாம் என்று சர்ஜன் மறுத்துவிட்டார். பாராசிட்டமால், ஐஸ், கொஞ்ச நாளைக்கு ஸ்டீராய்டு அளவைச் சற்றே ஏற்றியது, அவ்வளவுதான். ஒரு ராத்திரி லேசாகக் காய்ச்சல் அடித்தபோது சி.ஆர்.பி. என்று உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுகிற ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது எப்போதும் கொஞ்சம் ஏறியே இருக்கும், ஆபரேஷன் செய்தாலும் ஏறும். கிருமியா, வாதமா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆபரேஷனுக்கு முன்பே எடுத்த அளவு கையில் இருந்ததால், ஒன்றுவிட்டு ஒருநாள் எடுத்து அது இறங்குவதைப் பார்த்து நிம்மதியானார்கள்.

தையல் பிரித்து, புண் காய்ந்திருப்பதைச் சர்ஜன் போட்டோ எடுத்து வாத டாக்டருக்கு அனுப்பினார். அன்று சாயங்காலமே அடாலிமுமாப் போட்டுக்கொண்டேன். இரண்டாவது டோஸுக்குப் பிறகு மணிக்கட்டு வற்றியது. தரையில் உட்காருவதை விட்டாயிற்று, வாசலில் கோலம் இப்போது மகள் கணக்கு. எலும்பு சேர்ந்துவிட்டதாகக் கடைசி ஸ்கேன் சொல்கிறது. டெரிபராடைட் இன்னும் போகிறது. கழுத்து எக்ஸ்ரே வருஷத்துக்கு ஒருமுறை. இந்த முறையும் அதே நான்குதான், கூடவில்லை.